வருமா, வராதா? பன்னிரண்டு வாரத்தில் தெரிந்துகொள்ள ஒரு வழி

ஒரே வாரத்தில் செஸ் வகுப்பில் சேர்ந்த இரண்டு பிள்ளைகள். ஒரு மாதம் போனதும் ஒருத்தி இரண்டே நகர்த்தலில் மேட் வைக்கும் புதிர்களைச் சடசடவென்று போட்டுத் தள்ளுகிறாள். இன்னொருவனுக்குக் குதிரை எப்படித் தாவும் என்பதே அவ்வப்போது மறந்துபோகிறது. வாசலில் காத்திருக்கும் பெரியவர்கள் அதற்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: "அவளுக்குப் பிறவியிலேயே மூளை. இவனுக்கு இது வராது போல."

அவள் வீட்டில் செஸ் ஆடுகிற அண்ணன் யாராவது இருக்கிறானா என்று யாரும் கேட்கவில்லை. இருவருக்கும் எத்தனை மாத வயது வித்தியாசம் என்றும் கேட்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பத்து மாதம் என்பது அது வாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை எடுத்துப் பார்த்து 1985ல் வெளியான ஆய்வில், ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். காரணம் ஜாதகம் இல்லை. அங்கே வயதுப் பிரிவுக்கான கெடு ஜனவரி 1. அந்தப் பிரிவில் மூத்த பிள்ளை கொஞ்சம் உயரமாக, கொஞ்சம் பலமாக இருக்கும். "திறமைசாலி" என்று பொறுக்கப்படும். நல்ல கோச் கிடைக்கும், ஆட்ட நேரம் கூடும். நாலு வருஷத்தில் அந்தப் பொய்யான வித்தியாசம் நிஜ வித்தியாசமாகிவிடும்.

ஆக, திறமை என்று கண்ணில் படுவதில் வயது, முன்பழக்கம், முதல் ஆசிரியர், உடல் வளர்ச்சி எல்லாம் கலந்திருக்கின்றன. பிறவியில் வந்தது எவ்வளவு என்று தனியாகப் பிரித்துப் பார்க்க ஒரே வழிதான் வீட்டில் சாத்தியம். ஒழுங்கான பயிற்சியைக் கொடுத்துவிட்டு, பிள்ளை எந்த வேகத்தில் முன்னேறுகிறது என்று கவனிப்பது. பயிற்சியே கோணலாக இருந்தால் திறமை இருந்தும் தெரியாது. அதனால் முதலில் பயிற்சியைச் சீர் செய்யுங்கள், தீர்ப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கான பன்னிரண்டு வார ஏற்பாடு கீழே.

ஆரம்பிக்கும் முன்: எதை நம்பலாம்

"பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் மேதை ஆகலாம்" என்ற பேச்சின் வேர், ஆன்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பற்றி 1993ல் வெளியிட்ட ஆய்வு. முதல் தர மாணவர்கள் 20 வயதுக்குள் தனியாகப் பயிற்சி செய்த நேரம் சராசரியாகப் பத்தாயிரம் மணியைத் தொட்டது. சராசரி என்ற சொல்தான் ஊர் சுற்றி வரும்போது உதிர்ந்துவிட்டது. அர்ஜென்டினா செஸ் ஆட்டக்காரர்களிடம் 2007ல் கேட்டபோது, மாஸ்டர் தரத்தை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமானதாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000 மணிக்கு மேல் ஆனது. எட்டு மடங்கு வித்தியாசத்தை உழைப்பு என்ற ஒரே சொல்லால் மூட முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுக் கணக்கில், ஆட்களுக்கு இடையிலான வித்தியாசத்தில் பயிற்சி நேரம் விளக்கிய பங்கு செஸ் போன்ற விளையாட்டுகளில் 26 சதவீதம், இசையில் 21, உடல் விளையாட்டில் 18, படிப்பில் 4.

அப்படியென்றால் பிறவியேதான் எல்லாமா? அதுவும் இல்லை. ஹங்கேரியில் லாஸ்லோ போல்கார், மேதைகளை உருவாக்கலாம் என்று அறிவித்துவிட்டுத் தன் மூன்று மகள்களையும் வீட்டிலேயே செஸ்ஸில் வளர்த்தார். மூவரும் சர்வதேச அளவுக்குப் போனார்கள். ஒரே குடும்பத்தில் மூன்று பேர் என்பது தற்செயலாக நடக்கக்கூடியது இல்லை. ஆனால் கூர்ந்து பாருங்கள். கடைக்குட்டி ஜூடிட் 1991ல், 15 வயது 4 மாதத்தில், பாபி ஃபிஷரின் சாதனையை முறியடித்து கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிறகு உலகத் தரவரிசையில் எட்டாவது இடம் வரை ஏறினார். மூத்தவர் சூசனும் கிராண்ட்மாஸ்டர். நடுவில் பிறந்த சோஃபியா 1989ல் ரோம் போட்டியில் 9க்கு 8.5 புள்ளி எடுத்து உலகையே அசத்தியவர், ஆனாலும் கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழான இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டத்தோடு நின்றுகொண்டார். ஒரே வீடு, ஒரே அப்பா, ஒரே முறை. பயிற்சி மூவரையும் மலை மேல் ஏற்றியது. உச்சியில் யார் எங்கே நிற்பது என்பதை அது மட்டும் முடிவு செய்யவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பெற்றோர் அதிகம் யோசிப்பதில்லை. ஸ்வீடனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களை வைத்து 2014ல் வெளியான ஆய்வு, இசைப் பயிற்சியில் எவ்வளவு நேரம் உட்காருகிறோம் என்பதிலேயே மரபணுவுக்குக் கணிசமான பங்கு இருப்பதைக் காட்டியது. உட்கார்ந்து உழைக்கும் ஆசையும் ஓரளவு கூடவே பிறந்து வருகிறது. "திறமை இல்லாவிட்டால் என்ன, உழைக்கலாமே" என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது நாம் நினைக்கிற அளவு நியாயமான பேச்சு இல்லை. இது நினைவில் இருக்கட்டும்; நோட்டுப் புத்தகத்தில் ஒரு கட்டம் இதற்காகவே போடப் போகிறோம்.

முதல் நாள்: அளவு எடுப்பது

"கணக்கில் கெட்டிக்காரியாக வரணும்" என்பது ஆசை. அதை வைத்து எதையும் அளக்க முடியாது. "வேறு வேறு கீழெண் உள்ள பின்னக் கூட்டல், 10 கணக்கு, 8 நிமிடம், 9 சரி" என்பது இலக்கு. ஒரு துறையில் ஒரே ஒரு சிறு கூறை எடுத்துக்கொள்ளுங்கள். நீச்சல் என்றால் 25 மீட்டரை எத்தனை கை வீச்சில் கடக்கிறது. கீபோர்டு என்றால் குறிப்பிட்ட ஒரு பாட்டின் முதல் பதினாறு தாளக்கட்டு, தடுக்காமல்.

முதல் நாள் எதையும் சொல்லித்தராமல், திருத்தாமல் ஒரு தடவை செய்யச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கணக்கு என்றால் விடைத்தாளை எடுத்து வையுங்கள். வாத்தியமோ விளையாட்டோ என்றால் போனில் இரண்டு நிமிட வீடியோ. பன்னிரண்டாம் வாரம் வரை அதைப் பிள்ளையிடம் காட்ட வேண்டாம், நீங்களும் பார்க்க வேண்டாம். அன்றாடம் கூடவே இருப்பவர் கண்ணுக்கு முன்னேற்றம் தெரியாது. அந்த வீடியோவுக்குத் தெரியும்.

எவ்வளவு நேரம்

5, 6 வயதுக்குப் பத்து நிமிடம். இஷ்டப்பட்டால் மாலையில் இன்னொரு பத்து. 7 முதல் 9 வரை 20 முதல் 25 நிமிடம். 10 முதல் 12 வரை 30 முதல் 45, நடுவில் ஒரு இடைவெளி. அதற்கு மேல் போனால் ஒரு மணி முதல் ஒன்றரை மணி, இரண்டு அமர்வாகப் பிரித்து. வாரத்தில் ஐந்து நாள் போதும். இவை விதி இல்லை, கைக்கணக்கு. கொட்டாவி வருவதற்கு இரண்டு நிமிடம் முன்பு நிறுத்துவதுதான் உண்மையான அளவு.

குறைவாகத் தோன்றுகிறதா? பெர்லினின் அந்த முதல் தர வயலின் மாணவர்கள், முழுநேர இசைக் கல்லூரியில் இருந்துகொண்டே, தனிப் பயிற்சிக்குச் செலவிட்டது வாரத்துக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். நாளுக்கு மூன்றரை மணி. அதுவும் துண்டு துண்டாக. எட்டு வயதுப் பிள்ளையை ஸ்கூல் முடிந்து வந்ததும் மூன்று மணி நேரம் உட்கார வைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். கடைசி இரண்டு மணி நேரம் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: கவனிக்காமல் கையை மட்டும் அசைப்பது எப்படி என்று.

ஒரு அமர்வு எப்படி இருக்க வேண்டும்

25 நிமிடத்தை எடுத்துக்கொள்வோம்.

முதல் 3 நிமிடம், நேற்றுப் படித்ததை எதையும் பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது. புத்தகத்தைத் திறந்து "ரிவைஸ்" பண்ணுவது கூடாது. 2006ல் வெளியான ஒரு புகழ்பெற்ற பரிசோதனையில், ஒரு பகுதியை நாலு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவில் வைத்திருந்தார்கள். ஒருமுறை மட்டும் படித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் "நன்றாகத் தெரியும்" என்ற நம்பிக்கை அதிகம் இருந்தது.

அடுத்த 12 நிமிடம் கடினமான துண்டு. ஒரே ஒரு துண்டு. இதுதான் அமர்வின் உயிர், கீழே தனியாகச் சொல்கிறோம்.

பிறகு 5 நிமிடம் கலவை: பழைய பாடங்களிலிருந்து வகைக்கு ஒன்றாக, வரிசை மாற்றி. ஒரே வகைக் கணக்கை இருபது போட்டால் பிள்ளை பிரமாதமாகப் போடும், ஏனென்றால் எந்த வழி என்று யோசிக்கவே தேவையில்லை. 2007ல் வெளியான ஒரு பரிசோதனையில் வகை வகையாகப் போட்ட மாணவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரி. கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது முதல் கூட்டம் 20 சதவீதத்துக்கு விழுந்தது, கலந்து போட்டவர்கள் 63. "வீட்டில் எல்லாம் சரியாப் போடறான், பரீட்சையில கோட்டை விடறான்" என்ற புலம்பலில் பாதிக்கு இதுவே காரணம்.

3 நிமிடம் பிள்ளை இஷ்டம். பிடித்த பாட்டு, பிடித்த ஷாட், பிடித்த புதிர். இதை வெட்டாதீர்கள்.

கடைசி 2 நிமிடம் நோட்டு.

கடினமான துண்டு: கிட்டே போய்ப் பார்ப்போம்

ஒரு பெண் கீபோர்டில் ஒரு பாட்டு வாசிக்கிறாள். ஒன்பதாவது தாளக்கட்டில் இடறுகிறாள். உச் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். மறுபடி ஒன்பதில் இடறல். மறுபடி முதலிலிருந்து. இருபது நிமிடம் இப்படிப் போகிறது. வீட்டில் எல்லோருக்கும் அவள் உழைப்பதாகத் தோன்றுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏற்கெனவே வருகிற எட்டுத் தாளக்கட்டையும் பதினைந்து தடவை பழகியிருக்கிறாள். வராத ஒன்பதாவதை ஒரு தடவைகூடச் சரியாக வாசிக்கவில்லை. போதாக்குறைக்கு, அந்த இடத்தில் இடற வேண்டும் என்பதைப் பதினைந்து தடவை விரலுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

சரியான வழி இது. ஒன்பதாவது தாளக்கட்டை பென்சிலால் வட்டமிடுங்கள். இடறும் சுரத்துக்கு முன்னால் இரண்டு சுரம், பின்னால் இரண்டு சுரம், அவ்வளவுதான் துண்டு. மெட்ரோனோமை (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று தாளம் தட்டிக் காட்டும் கருவி) வழக்கமான வேகத்தில் பாதிக்கு வையுங்கள். 96ல் வாசிப்பவள் 48ல் ஆரம்பிக்கட்டும். தொடர்ந்து ஐந்து முறை தப்பில்லாமல் வந்தால் 4 கூட்டலாம். நாலாவது தடவை தப்பினால் எண்ணிக்கை திரும்ப ஒன்றிலிருந்து. பெரும்பாலும் கோளாறு அந்தச் சுரத்தில் இருக்காது. அதற்கு முந்தின சுரத்தில் எந்த விரலை வைத்தாள் என்பதில் இருக்கும். மெதுவாக வாசிக்கும்போதுதான் அது கண்ணில் படும். விரல் சரியானதும் எட்டாவது தாளக்கட்டைச் சேர்த்து வாசிப்பது, பிறகு ஏழாவதையும். இப்படிப் பின்னோக்கிச் சேர்த்துக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குப் போகிற சுகம் இருக்கும். முதலிலிருந்து வாசித்தால் பயந்துகொண்டே பள்ளத்தை நோக்கிப் போக வேண்டும்.

கணக்கிலும் இதே வைத்தியம்தான். 3/4 + 1/6 என்ற கணக்குக்குப் பையன் 4/10 என்று எழுதியிருக்கிறான். "கவனமே இல்லை" என்று திட்டுவதும், "இன்னும் இருபது போடு" என்பதும் ஒரே அளவு பயனற்றவை. இது கவனக்குறைவு இல்லை. மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டலாம் என்று அவனுக்கு ஒரு விதி இருக்கிறது; தப்பான விதி, ஆனால் விதி. இருபது போட்டால் அந்தத் தப்பு விதியில் கைதேர்ந்துவிடுவான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்:

"முக்கால் பாதியை விடப் பெரிசா, சின்னதாப்பா?"

"பெரிசு."

"நீ எழுதின நாலு பை பத்து?"

கொஞ்ச நேரம் அமைதி. "பாதிக்குக் கீழ."

"பாதிக்கு மேல இருக்கறதோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதிக்குக் கீழ எப்படிப் போச்சு?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். குறைந்தது அரை நிமிடம். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டமான பயிற்சி. அவன் தலையைச் சொறிந்து, தாளைத் திருப்பி, படம் ஏதாவது போட்டுப் பார்த்து, துண்டுகள் ஒரே அளவில் இல்லை என்பதைத் தானே கண்டுபிடித்தால் 9/12ம் 2/12ம் பிறகு இரண்டே நிமிட வேலை. 11/12 என்று எழுதிவிட்டு, பாதிக்கு மேல்தானே என்று அவனே சரிபார்த்துக்கொள்வான்.

துண்டு எவ்வளவு கடினமாக இருக்கலாம்? பத்துக்கு ஏழோ எட்டோ சரியாக வரும் இடம் நல்லது. பத்துக்குப் பத்து என்றால் நேரம் வீண். ஐந்துக்குக் கீழே என்றால் துண்டைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறையுங்கள், அல்லது இரண்டு வகுப்பு பின்னால் போய் எந்தச் செங்கல் விட்டுப்போனது என்று பாருங்கள்.

நோட்டில் என்ன எழுதுவது

ஐந்து கட்டம் போதும்: தேதி, நிமிடம், எந்தத் துண்டு, எத்தனைக்கு எத்தனை சரி, யார் ஆரம்பித்தது. பிள்ளை எழுதட்டும், எழுதத் தெரியாத வயசு என்றால் நீங்கள். கடைசிக் கட்டத்தில் நீங்கள் கூப்பிட்டு வந்ததா, தானாக வந்ததா என்று ஒரு புள்ளி வைத்தால் போதும்.

தவறுகளைத் தனிப் பக்கத்தில் எழுதி, பக்கத்திலேயே வகையும் குறியுங்கள். தெரியாததால் வந்தது, தெரிந்தும் நழுவியது, கேள்வியைச் சரியாகப் படிக்காதது. மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்குச் சொல்லித்தர வேண்டும். இரண்டாவதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். மூன்றாவதற்குக் கேள்வியில் என்ன கேட்டிருக்கிறது என்பதை அடிக்கோடு போடும் பழக்கம் வேண்டும். மூன்றுக்கும் "இன்னும் நிறையப் போடு" என்று ஒரே கஷாயத்தைக் கொடுப்பதால்தான் உழைப்பு என்ற சொல்லே பிள்ளைகளுக்குக் கசந்துபோகிறது.

பாராட்டும் பரிசும்

கரோல் ட்வெக்கும் கிளாடியா முல்லரும் 1998ல் வெளியிட்ட பரிசோதனைகளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புதிர்த் தொகுப்பைக் கொடுத்து, ஒரு கூட்டத்தை "நீ புத்திசாலி" என்றும் இன்னொன்றை "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். பிறகு எல்லோரும் திணறும் அளவு கடினமான தொகுப்பு. அதற்குப் பிறகு பழைய தரத்திலேயே மூன்றாவது தொகுப்பு. "புத்திசாலி"கள் முதல் தடவையை விட மோசமாகச் செய்தார்கள், மற்றவர்கள் முன்பைவிட நன்றாக. தங்கள் மதிப்பெண்ணை முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, புத்திசாலி என்று புகழப்பட்டவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நாலு பேர் கூட்டிச் சொன்னார்கள். மற்ற கூட்டத்தில் 13 சதவீதம்தான்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் "சூப்பர் முயற்சி!" என்று தட்டிக்கொடுக்க ஆரம்பிப்பது அடுத்த தப்பு. பத்து வயதானாலே பிள்ளைகளுக்கு அது ஆறுதல் பரிசு என்று புரிந்துவிடும். மூளைத் திறன் பிறவியோடு நின்றுவிடுவதில்லை, உழைத்தால் வளரும் என்று மாணவர்களுக்குப் புரியவைக்கும் மனப்பாங்குப் பயிற்சியை அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்து 2019ல் வெளியிட்டார்கள். பின்தங்கிய மாணவர்களின் சராசரி கிரேடு 0.1 புள்ளி ஏறியது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சிக்கு அது நல்ல பலன்தான், ஆனால் மந்திரக்கோல் இல்லை. உருப்படியான பாராட்டு என்பது பார்த்ததைச் சொல்வது: "நாலாவது தடவை விரலை மாத்தி வச்சே, அப்புறம்தான் வந்துச்சு." நடந்தது என்ன, அதனால் விளைந்தது என்ன. அடுத்த முறை எதைத் திரும்பச் செய்யலாம் என்ற தகவல் அதிலேயே இருக்கிறது.

பணமும் பொம்மையும்? ஏற்கெனவே விரும்பிச் செய்வதற்குப் பரிசு பேசாதீர்கள். படம் வரைய ஆசைப்படும் நர்சரிப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரைய வைத்த 1973ஆம் ஆண்டுப் பரிசோதனையில், பிறகு சும்மா விட்டபோது அவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களின் நேரத்தில் பாதியாகிவிட்டது. அறவே பிடிக்காத வேலையைத் தொடங்கிவைக்க மட்டும், கொஞ்ச நாளைக்கு, சின்னதாகக் கொடுக்கலாம்.

சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் பிள்ளை

இவர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. பத்து, பன்னிரண்டு வயது வரை எல்லாம் தானாக வந்துவிடும், திணறுவது எப்படி இருக்கும் என்றே தெரியாது. பிறகு ஒருநாள் உண்மையிலேயே கடினமான பாடம் எதிரே வந்து நிற்கும். மற்ற பிள்ளைகளுக்கு அது பழகின விஷயம். இந்தப் பிள்ளை "எனக்கு மூளை தீர்ந்துபோச்சு" என்று முடிவு கட்டும். இதைத் தடுக்க, வாரத்தில் ஒருநாள் வேண்டுமென்றே சக்திக்கு மிஞ்சின வேலை கொடுங்கள்: பத்தில் மூன்றுதான் வரும் புதிர், தன்னைவிட இரண்டு வயது பெரியவர்களோடு ஆட்டம். அன்றைக்கு விடை வராவிட்டாலும் பரவாயில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் மார்க் வாங்கும் பிள்ளைக்கு இந்த ஒருநாள்தான் மற்ற நாலு நாளையும் விட மதிப்பானது.

மெதுவாகப் போகும் பிள்ளை

நிமிடங்களைக் கூட்டுவதற்கு முன்னால் சில விஷயங்களை ஒழித்துக்கட்டுங்கள். கண் பரிசோதனை, காது பரிசோதனை. வாயால் கேட்டால் பளிச்சென்று பதில் சொல்லும் பிள்ளை, படிக்கச் சொன்னால் மட்டும் எழுத்துக்கு எழுத்து திணறினால் டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று அதற்கான நிபுணரிடம் காட்ட வேண்டும்; அந்தப் பிள்ளைக்கு அதே பயிற்சியை இரட்டிப்பாக்குவது தண்டனை. தூக்கக் கணக்கையும் பாருங்கள்: 6 முதல் 12 வயது வரை இரவுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10. அதிகாலைப் பயிற்சிக்காக ஒரு மணி நேரத் தூக்கத்தை வெட்டினால், அன்று கற்றது மனதில் படியும் நேரத்தையே வெட்டுகிறீர்கள்.

சோதனைத் தேர்வுகளை வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். 1921ல் லூயிஸ் டெர்மன் கலிஃபோர்னியாவில் நுண்ணறிவுத் தேர்வு வைத்து 1,500க்கும் மேற்பட்ட மேதைப் பிள்ளைகளைப் பொறுக்கினார். அந்தத் தேர்வில் தேறாமல் திரும்பிய சிறுவர்களில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் என்று இருவர் இருந்தார்கள். இருவரும் பின்னாளில் இயற்பியல் நோபல் பரிசு வாங்கினார்கள், 1956லும் 1968லும். தேர்ந்தெடுக்கப்பட்ட கூட்டத்தில் ஒருவருக்கும் நோபல் கிடைக்கவில்லை.

விளையாட்டு என்றால்

உடம்புக்குத் தனிக் கணக்கு. ஒரு வாரத்தில் பயிற்சி செய்யும் மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. பத்து வயதுக்குப் பத்து மணி. வாரத்தில் ஒருநாளாவது முழு ஓய்வு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2016ல் சொன்னபடி, பெரும்பாலான விளையாட்டுகளில் ஒன்றையே பிடித்துக்கொள்வதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுவது நல்லது. ஜிம்னாஸ்டிக்ஸ் போலச் சிறு வயதிலேயே உச்சம் தொடும் சில துறைகள் விதிவிலக்கு. உலகத் தரத்தை எட்டியவர்களையும் தேசிய அளவோடு நின்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், உலகத் தரத்தார்தான் சிறு வயதில் பல விளையாட்டுகள் ஆடி, தங்கள் துறைக்குத் தாமதமாக வந்து, ஆரம்பத்தில் மெதுவாக முன்னேறியவர்கள். பத்து வயதுச் சாம்பியன் பட்டத்துக்கு அவசரப்படுகிறவர்கள் கவனிக்க.

ஆசிரியர்

முதல் ஆசிரியர் பெரிய வித்வானாக இருக்க வேண்டியதில்லை. பெஞ்சமின் புளூம் தலைமையில் 120 சாதனையாளர்களை ஆராய்ந்து 1985ல் வெளியானதைப் பார்த்தால், பெரும்பாலோரின் முதல் ஆசிரியர்கள் அன்பானவர்கள், பிள்ளையை அந்தத் துறையில் ஆசைப்பட வைத்தவர்கள். கறாரான நுணுக்க ஆசிரியர் அடுத்த கட்டத்தில்தான் வந்தார். அந்த வரிசையை மாற்றி, ஆறு வயதிலேயே மிரட்டும் கோச்சிடம் விட்டால், பிள்ளை துறையை வெறுத்த பிறகு நுணுக்கம் எதற்கு?

பன்னிரண்டாம் வாரம்

முதல் நாள் சோதனையை அதே மாதிரி திரும்ப வையுங்கள். பிறகு பழைய வீடியோவையும் புதியதையும் பிள்ளையோடு உட்கார்ந்து அடுத்தடுத்துப் பாருங்கள். நோட்டைத் திறந்து இரண்டை மட்டும் கவனியுங்கள்: "எத்தனைக்கு எத்தனை" எந்த வேகத்தில் ஏறியிருக்கிறது, "தானாக வந்தது" புள்ளிகள் கூடியிருக்கின்றனவா குறைந்திருக்கின்றனவா.

இரண்டும் ஏறியிருந்தால் சந்தேகம் வேண்டாம். நேரத்தைக் கொஞ்சம் கூட்டி, அடுத்த நிலை ஆசிரியரைத் தேடுங்கள்.

வேகம் இருக்கிறது, தானாக வருவதில்லை என்றால், பெற்றோர் பெரும்பாலும் "இவ்வளவு திறமையை வீணாக்கறானே" என்று நெருக்குவார்கள். நெருக்கினால் மிச்சமிருக்கும் புள்ளிகளும் காணாமல் போகும். முதலில் உங்களையே சந்தேகப்படுங்கள். பயிற்சி நேரத்தில் யார் அதிகம் பேசுகிறார்கள்? ஒவ்வொரு தப்புக்கும் குரல் கொடுக்கிறீர்களா? இரண்டு வாரம் அறையை விட்டு வெளியே இருந்து பாருங்கள். அதன் பிறகும் மாறாவிட்டால் வாரம் இரண்டு நாளாகக் குறைத்து உயிரோடு வைத்துக்கொண்டு, வேறொரு துறையைக் காட்டுங்கள்.

வேகம் குறைவு, ஆனால் பிள்ளை தானாக வந்து உட்காருகிறது. பெரியவர்கள் மிக அதிகமாகத் தப்புக்கணக்குப் போடுவது இந்தப் பிள்ளை விஷயத்தில்தான். தொடருங்கள். முறையை மாற்றிப் பாருங்கள், ஆசிரியரை மாற்றிப் பாருங்கள், இன்னொரு பன்னிரண்டு வாரம் கொடுங்கள். உச்சிக்குப் போகுமா என்பது இப்போது தேவையில்லாத கேள்வி. விரும்பிச் செய்யும் வேலை ஒன்று கையில் இருப்பதே பெரிய சொத்து. அக்காவோடு ஒப்பிடும் பேச்சு மட்டும் வீட்டில் எழக் கூடாது.

இரண்டுமே இல்லையென்றால், கண், காது, தூக்கம், அடித்தளம் எல்லாம் பார்த்தாயிற்று என்றால், நிறுத்தலாம். பள்ளிப் பாடமாக இருந்தால் நிறுத்த முடியாது. தேறும் அளவை இலக்காக வைத்துக்கொண்டு மிச்ச நேரத்தை வேறு எதற்காவது விடுங்கள். மற்றவற்றில் நிறுத்தும் நாளைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தோற்ற நாளில் நிறுத்தாதீர்கள், சண்டை போட்ட நாளிலும் வேண்டாம். "இந்த மாதக் கடைசி வரைக்கும்" என்று தேதி சொல்லி, கடைசி அமர்வில் நன்றாக வரும் ஒன்றைச் செய்யச் சொல்லி முடியுங்கள். வாத்தியத்தையோ மட்டையையோ உடனே விற்றுவிட வேண்டாம். கை எட்டும் இடத்தில் ஆறு மாதம் கிடக்கட்டும்; யாரும் கூப்பிடாமல் பிள்ளை அதை எடுக்கிறதா என்று பாருங்கள்.